கடலைப் பார்க்கும் வேலை

வேன் படகுத்துறையில் இறக்கிவிட்டுப் போனபோது லீயூனுக்குத் தான் ஏறப்போகும் படகு யாருடையது என்று தெரியாது. "மூணாவது படகு, மஞ்சள் பட்டை அடிச்சது" என்று கம்பெனி ஆள் சொல்லியிருந்தான், அவ்வளவுதான். உயிர்காப்பு ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டே நடந்தவள், மஞ்சள் பட்டைப் படகின் எஞ்சின் அறையிலிருந்து வந்த குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். யாரோ ஒரு போல்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தான். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைத் திட்டுவதுபோல, கொஞ்சம் கெஞ்சலும் கலந்து. போல்ட்டை அப்படித் திட்டுகிறவன் தைவானின் சாங்ஹுவா கடற்கரை முழுக்கத் தேடினாலும் ஒருத்தன்தான்.

அந்தக் குரலைக் கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

கிரீஸ் படிந்த கையோடு மேலே ஏறி வந்த தியென்டிங் அவளைப் பார்த்தான். தலை நரைத்திருந்தது. பழைய படகை விற்று இதை வாங்கியிருக்கிறான் போல.

"நீயா?"

"அப்சர்வர்." கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "கம்பெனி அனுப்பிச்சது. நீங்கதான் கேப்டனா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். துடைக்க வேண்டியதற்கும் அதிக நேரம் துடைத்தான்.

"இங்க வேற கேப்டன் யாராச்சும் இருக்கற மாதிரி தெரியுதா?"

"வேற படகுல இடம் இருக்கான்னு கேட்டுப் பார்க்கறேன்."

"கேளு. எல்லாம் கெளம்பிப் போயாச்சு."

உண்மைதான். மற்றக் காவல் படகுகள் துறைமுக வாயைத் தாண்டிவிட்டிருந்தன. படகின் ஓரத்தில் உப்புப் பிளம் ஒன்றை வாயில் அடக்கியபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தைபேயிலிருந்து வந்த பெய்ஜென், உயிரியல் படித்தவள், இன்னொரு அப்சர்வர். கடல் ஒத்துக்கொள்ளாதவள். கரையில் கட்டியிருக்கும் படகிலேயே அவள் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கேப்டன உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கொஞ்சம்" என்றாள் லீயூன்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டோம். அந்தளவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு தியென்டிங் எஞ்சினைக் கிளப்பப் போனான்.

*

கடலுக்குள் காற்றாலைகள் எழுந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நிலக்கரியைக் குறைத்துக் காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. கம்பெனிகள் வந்தன, பெரிய பெரிய கப்பல்கள் வந்தன. பல மாடி உயர இரும்புத் தூணைக் கடலடியில் சம்மட்டியால் அடித்து இறக்கும்போது எழும் சத்தம் தண்ணீருக்குள் வெகுதூரம் போகும். அந்தக் கடலில்தான் வெள்ளை ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், இருந்தன. மொத்தமே ஐம்பது, அறுபதுதான் மிச்சம் என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். கடல் தெய்வமான மாட்சு அம்மன் பிறந்தநாள் சமயத்தில் கரையோரம் தென்படுவதால் மீனவர்கள் அவற்றை அம்மனின் மீன் என்பார்கள்.

ஆகவே விதி போட்டார்கள். சம்மட்டி அடிக்குமுன் நான்கு படகுகள் தூணைச் சுற்றி நிற்க வேண்டும். படகில் இருக்கும் அப்சர்வர்கள் அரை மணி நேரம் கண்கொட்டாமல் கடலைப் பார்க்க வேண்டும். ஓங்கில் எதுவும் தென்படவில்லை என்றால்தான் முதல் அடி. தென்பட்டால் அந்த நிமிடத்திலிருந்து மறுபடி அரை மணி நேரம். சூரியன் சாயும் நேரம் நெருங்கிவிட்டால் அன்றைக்குப் புதிதாகத் தொடங்கவே கூடாது, இருட்டில் யாராலும் பார்க்க முடியாது என்பதால். கடலடியில் தூணைச் சுற்றி வளையமாக ஓட்டைக் குழாயைக் கிடத்தி, அதில் காற்றை அழுத்திக் குமிழிகளால் ஒரு சுவர் எழுப்புவார்கள். சத்தம் அதைத் தாண்டும்போது பாதி செத்துவிடும்.

படகுகளுக்கு மீனவர்களையே வாடகைக்கு எடுத்தார்கள். மூன்று வருடம் முன்பு மீனவர் சங்கத்தின் வாசலில் 'எங்கள் கடலைத் தொடாதே' என்ற பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தியென்டிங். இன்னொரு முனையைப் பிடித்திருந்தவனும் இப்போது காவல் படகுதான் ஓட்டுகிறான்.

லீயூன் அக்காவின் சிப்பிக் கொட்டகையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவள். அப்சர்வர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உட்கார்ந்த இடத்தில் கடலைப் பார்க்க யாராவது காசு கொடுப்பார்களா என்று சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பரீட்சைத் தாளைப் படிக்க அவளுக்கு மூக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. ஆனால் மாடியிலிருந்து தூரத்துப் படகுகளைக் காட்டி எது எது என்று கேட்டபோது, வகுப்பில் இருந்த இளவட்டங்கள் எல்லாரையும்விட அவள்தான் நன்றாகப் பார்த்தாள்.

முதல் வாரம் அந்தப் படகில் பேச்சே இல்லை. பெய்ஜென்தான் இருவருக்கும் நடுவே செய்தி கொண்டுபோனாள். அதுவும் வாந்தி எடுக்காத நேரங்களில்.

மதியம் தியென்டிங் சிப்பி போட்டு நூடுல்ஸ் காய்ச்சுவான். ஒரு கிண்ணத்தை லீயூன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவான். முதல் நாள் அவள் தொடவில்லை. இரண்டாம் நாள் சாப்பிட்டாள்.

"கேப்டன், உப்பு ஜாஸ்தி" என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் உப்பு குறைந்திருந்தது.

இன்னொரு நாள் காலை படகுக்கு வந்தபோது, மேல்தளத்தில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலி போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு மேல் வெயிலுக்குத் தார்ப்பாய்.

"இதை யாரு கேட்டா?"

"கம்பெனி விதி" என்றான் அவன். "அப்சர்வருக்கு உக்கார எடம் குடுக்கணும்."

விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருந்த பெய்ஜென் அவன் போனபிறகு மெல்லச் சொன்னாள்: "அக்கா, அப்படி ஒரு விதியே இல்ல."

"தெரியும். நீ அந்தப் பக்கம் பாரு."

பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது. தூண் இறங்கும்போது சம்மட்டியின் ஒவ்வொரு அடியும் படகின் அடிப்பலகை வழியாக ஏறி உள்ளங்காலில் தெரியும். அப்படி ஒரு மத்தியானம் தியென்டிங் சொன்னான்: "வேடிக்கையா இல்ல? கடலை இடிக்கறவனும் அவனே, எதுக்கும் அடிபடாம பார்த்துக்கன்னு காசு குடுக்கறவனும் அவனே."

"இடிக்காம எப்படி நடறது? வடக்கே பாருங்க." வடக்கே நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. "அது மட்டும் நல்லதா?"

"நான் நல்லதுன்னு சொன்னேனா?"

"எங்கிட்ட எப்ப என்ன சொல்லியிருக்கீங்க."

அவன் எழுந்து போகவில்லை. அவன் பல்லில் பழைய சிவப்புக் கறை மங்கியிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"வெத்தலை பாக்கை விட்டாச்சா?"

"ஆச்சு. வாயில ஒரு புண்ணு. டாக்டர்கிட்ட போய்க் காட்டினேன். ஒண்ணுமில்ல, ஆனா பாக்கை விட்டுடுன்னாரு."

"யாரு கூட்டிட்டுப் போனது?"

"யாரும் இல்ல. நானாத்தான் போனேன்."

லீயூன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பார்ப்பதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

*

ஆறு வருடம் முன்பு நடந்தது பெரிய சண்டை ஒன்றும் இல்லை. வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னாள். வலை பின்னிக்கொண்டிருந்த தியென்டிங் தலை நிமிராமல், "உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு வலிக்கும். இஞ்சித் தண்ணி குடி" என்றான். மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாள் அவன் விடியுமுன் கடலுக்குப் போய்விட்டான். அவள் பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் உடனே அறுத்தார்கள். குடல்வால் உள்ளுக்குள்ளேயே வெடித்திருந்தது.

மறுநாள் அவன் மீன் சூப்போடு வந்தான். படுக்கையருகே நின்று, குழாய்களைப் பார்த்து, அவளைப் பார்த்து, "இவ்வளவு வலின்னு சொல்லியிருக்கலாமே" என்றான்.

வலியை அவள் மன்னித்திருப்பாள். அந்த ஒரு வாக்கியத்தை மன்னிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. விவாகரத்து என்று யாரும் காகிதம் போடவும் இல்லை.

*

அந்தப் பருவத்தின் கடைசித் தூண் மிச்சமிருந்த நாளில் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆனால் மறுநாள் வடகிழக்குக் காற்று இறங்கப்போகிறது என்று வானிலை சொல்லிவிட்டது. அது இறங்கிவிட்டால் வசந்தம் வரை அந்தக் கடலில் யாரும் தூண் நட முடியாது. தூண் முடிந்தால்தான் கேபிள் வேலை. கேபிள் வேலை நடந்தால்தான் காவல் படகுகளுக்கு இன்னும் சில வாரம் பிழைப்பு. அதனால் அன்று காலையிலிருந்தே வயர்லெஸில் எல்லார் குரலிலும் அவசரம்.

கப்பலின் பாரந்தூக்கியில் ஏதோ கோளாறு. தூணை நிமிர்த்தவே பிற்பகல் ஆகிவிட்டது. அப்சர்வர்கள் பார்க்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெய்ஜென் மூச்சை இழுத்துப் பிடித்தாள். "அக்கா, அங்க."

லீயூனும் பார்த்தாள். வெள்ளை என்றுதான் பெயர், ஆனால் அது இளஞ்சிவப்பு. வழுவழுவென்று ஒரு முதுகு தண்ணீரைக் கிழிக்காமல் எழுந்து, வளைந்து, இறங்கியது. இரண்டாம் முறை மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. பெய்ஜென் அழுதுவிட்டாள். படிப்பு முழுக்கப் படத்தில் மட்டுமே பார்த்தவள் அவள். தியென்டிங் சுக்கானை விட்டு வெளியே வந்து, தொப்பியைக் கழற்றினான்.

லீயூன் அதை வயர்லெஸில் சொன்னாள். கம்பெனியின் பொறுப்பாளர் ஷியாவ், "சரி, மறுபடி முதல்லேருந்து" என்றார். யாரும் குறை சொல்லவில்லை. இன்னும் நேரம் இருந்தது.

ஓங்கில் தெற்கே போய் மறைந்தது. மறுபடி காவல். சூரியன் மெல்ல இறங்க, தண்ணீர் முழுக்கத் தகடு தகடாக வெளிச்சம். அரை மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கப்பலில் ஆட்கள் தயாராகிவிட்டதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

அப்போதுதான் லீயூன் அதைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன முதுகு. ஓங்கில் குட்டிகள் வெள்ளையாக இருக்காது, சாம்பலாகத்தான் இருக்கும். வெளிச்சத்தின் விளிம்பில் ஒரே ஒரு தரம் எழுந்தது. முதல் ஓங்கில் போன பக்கமாக அல்ல, தூண் இருக்கும் பக்கமாக.

வயர்லெஸை எடுத்தாள்.

"மூணாம் படகு. இன்னொண்ணு. குட்டி மாதிரி இருக்கு. தூணுக்குக் கிட்ட."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதலாம் படகில் பார்க்கவில்லை. இரண்டாம் படகிலும் நான்காம் படகிலும் பார்க்கவில்லை. பெய்ஜென் அந்த நேரம் அடுத்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அரை மணி என்றால் தொடங்கும் நேரம் தாண்டிவிடும்.

ஷியாவ் பொறுமையான மனுஷர். அவர் பின்னால் கப்பலில் யாரோ கத்துவது கேட்டது. "அம்மா, உறுதியாச் சொல்றீங்களா? அலையா இருக்குமோ?"

"அலை மாதிரி இல்ல."

"எத்தனை தரம் எழும்புச்சு?"

"ஒரு தரம்தான்."

மற்றப் படகுகளிலிருந்து முனகல் கேட்டது. "ஒரு தரமாம்" என்றது ஒரு குரல். இன்னொரு குரல், "வயசான கண்ணுக்கு வெயில்ல எல்லாம் மீனாத்தான் தெரியும்" என்றது.

ஷியாவ் கேட்டார்: "மூணாம் படகுல வேற யாராச்சும் பார்த்தீங்களா? கேப்டன்?"

லீயூன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும் என்றே நினைத்தாள். பின்னாலிருந்து கிரீஸ் வாசனையோடு ஒரு கை வந்து வயர்லெஸை வாங்கிக்கொண்டது.

"கேப்டன் பேசறேன். வேற யாரும் பார்க்க வேண்டியதில்ல. இந்தப் படகுல பார்க்கறதுக்குன்னு வந்தவங்க இவங்க. பார்த்தேன்னு சொல்லிட்டாங்க. அடிக்காதீங்க."

"இல்ல கேப்டன், நான் என்ன சொல்ல வரேன்னா..."

"ஒருத்தர் சொன்னாப் போதும்னு விதி போட்டது நீங்கதான். போதாதுன்னா விதியை மாத்துங்க. நாளைக்கு மாத்துங்க. இன்னைக்கு இதுதான் விதி."

வயர்லெஸ் கரகரத்தது. பிறகு ஷியாவின் குரல் களைத்துப்போய் வந்தது. "சரி. இன்னைக்கு வேலை நிறுத்தம். எல்லாப் படகும் கரைக்குத் திரும்பலாம்."

*

திரும்பும் வழியில் பெய்ஜென் தலைக்குக் கையை வைத்துத் தூங்கிவிட்டாள். லீயூன் சுக்கானறைக்குள் வந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் அதற்குள் கால் வைத்ததில்லை.

"ஒருவேளை அலையா இருந்திருந்தா?"

"அலையாவே இருக்கட்டும்."

"இத்தனை பேர் பிழைப்பு. உன் பிழைப்பும்தான்."

'உன்' என்று வாயில் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

"நீ பார்த்தியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் எதை வச்சுச் சொன்ன?"

தியென்டிங் துறைமுக விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ சொன்ன" என்றான்.

கரை வரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

துறையில் மற்றப் படகுக்காரர்கள் சிகரெட்டோடு காத்திருந்தார்கள். பதாகையின் இன்னொரு முனையைப் பிடித்தவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "தியென்டிங், உன் பொண்டாட்டிக்குக் கண்ணு பிரமாதம். எங்க வீட்டு அடுப்பு அணையறதுதான் தெரியல."

"உன் அடுப்பப் பார்க்க அவளுக்கு யாரும் சம்பளம் குடுக்கல" என்றான் தியென்டிங். "கடலைப் பார்க்கத்தான் குடுத்தாங்க." கயிற்றைக் கட்டிவிட்டு, அவனிடமே ஒரு சிகரெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

சில நாள் கழித்து ஷியாவ் அவளைத் தேடிக்கொண்டு சிப்பிக் கொட்டகைக்கே வந்தார். தண்ணீருக்குள் இறக்கியிருந்த ஒலிவாங்கிகளில் பதிவானதைக் கேட்டுப் பார்த்தார்களாம். குட்டி இருந்ததாகவும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை.

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். பார்க்கப்பட்டது, வேலை நிறுத்தப்பட்டது." அவர் சிரித்தார். "மேல நல்லாத் திட்டினாங்க. திட்டு வாங்கறதும் என் வேலையில சேர்த்திதான். வசந்தத்துல கப்பல் திரும்ப வரும். நீங்களும் வரணும்."

அக்கா அவருக்குச் சிப்பி ஆம்லெட் போட்டுக் கொடுத்து, திட்டினவர்களுக்கும் ஒரு பொட்டலம் கட்டித் தரட்டுமா என்று கேட்டாள்.

*

குளிர்காலம் முழுக்கக் காற்று மணலை வாரி வீசியது. படகுகள் துறையிலேயே கிடந்தன. ஒருநாள் தியென்டிங் கொட்டகை வாசலில் வந்து நின்றான். வந்த காரணத்தைச் சொல்லவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குத்துக்கத்தியை எடுத்துச் சிப்பி உடைக்க ஆரம்பித்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

"மாப்பிள்ளை, சிப்பியத் தொறக்கச் சொன்னா கொலை பண்றீங்களே" என்றாள் அக்கா. "இந்தச் சதையை எவன் வாங்குவான்?"

"நானே வாங்கிக்கறேன்."

"உங்க காசை எண்ணி வச்சுக்குங்க. வசந்தம் வரைக்கும் வேணும்."

அக்கா சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். கொட்டகையில் இருவர் மட்டும். தகரக் கூரையில் மணல் விழும் சத்தம். லீயூன் அவன் உடைத்த சிப்பிகளை எடுத்து, ஒட்டியிருந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"வசந்தத்துல என் படகுக்கே வரியா?" என்று கேட்டான்.

"படகுக்கு வரேன். வீட்டைப் பத்தி நீ கேட்கல, நானும் சொல்லல."

"சரி."

இன்னும் இரண்டு சிப்பி உடைத்தான். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்கு" என்றான். நிறுத்தினான். "அன்னைக்கு பஸ்ல உட்கார எடம் கெடைச்சுதா உனக்கு?"

லீயூனின் கை நின்றது. இந்த ஆறு வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்கள், அக்கா, அக்கம்பக்கத்தார் எல்லாரும் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"கெடைக்கல" என்றாள். "ஸ்கூல் புள்ளைங்க கூட்டம். கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"எங்க வரைக்கும்?"

"பாதி தூரம். அப்புறம் ஒரு அம்மா என் மூஞ்சியப் பார்த்துட்டு எழுந்து எடம் குடுத்தா."

"அதுக்குள்ள எப்படி இருந்தது? வலி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தான். வலது பக்கத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டி, "இங்க ஆரம்பிச்சது" என்றாள். முதல் நாள் சாயந்திரம் அரிசி களையும்போது எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல், நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவன் ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை.